பொட்டலத்தினுள் ஒரு சீட்டு

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, மஃரிபுத் தொழுகை முடிந்து பள்ளியின் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தேன். முன்னர் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் ஸலாம் கூறி அருகில் வந்து அமர்ந்தார். திருப்பூரில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளில் சிறு பிள்ளைகளுக்கான இரவாடைகளைத் தைத்து விற்பவர் அவர். நான்கு தையல் எந்திரங்கள் உண்டு. மனைவியும் தாயாரும் பிசிறு வெட்டி, மடித்து, பாலித்தீன் உறையில் இட்டுக் கொடுக்கின்றனர். விற்பனையில் பெரும்பகுதி இணையச் சந்தையின் வழியே நடக்கிறது. அன்று அவர் கையில் அனுப்புவதற்கு ஆயத்தமான ஒரு பொட்டலமும், அதனுள் இடுவதற்கென்று அச்சடித்த ஒரு சிறு சீட்டும் இருந்தன.

சீட்டில் அவருடைய கைப்பேசி எண் இருந்தது. அதன் கீழே, அடுத்த முறை நேரடியாக வாட்ஸ்அப்பில் கேட்டால் விலையில் 10 விழுக்காடு குறைத்துத் தரப்படும் என்னும் அறிவிப்பு. 2000 சீட்டுகள் அச்சடித்தாராம். பாதிக்கு மேல் பொட்டலங்களோடு போய்விட்டனவாம்.

“ஹஜ்ரத், இது கூடுமா, கூடாதா?” என்று கேட்டார்.

நான் தயங்காமல், “சந்தைக்காரரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அவர் கொண்டுவந்து கொடுத்த ஆளையே அவருக்குத் தெரியாமல் இழுத்துக்கொள்வது மோசடி, தம்பி. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “துணி என்னுடையது ஹஜ்ரத். வாங்கியவர் பணம் கொடுத்தார். சரக்குப் போய்ச் சேர்ந்தது. தளம் தன் தரகை எடுத்துக்கொண்ட பிறகுதான் மீதியை எனக்கு அனுப்பியது. யாருக்கும் பாக்கியில்லை. அடுத்த மாதம் அவரே என்னைத் தேடி வந்தால் அவர் யாருடைய சொத்து?” என்றார்.

இக்கேள்விக்கு என்னிடம் உடனே விடை இல்லை. இஷா வரை பேசிக்கொண்டிருந்தோம். பின்னரும் பல நாள் நூல்களைப் புரட்டினேன். கட்டுரை வடிவில் இதை எழுதுவதற்குக் காரணம், இன்று நம் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவரேனும் இவ்வழியில் விற்பவராகவோ வாங்குபவராகவோ இருப்பதுதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அவர் தம் கைப்பேசியிலேயே ஒரு விற்பனையின் விவரத்தைக் காட்டினார். ஓர் உடை 349 ரூபாய்க்கு விற்றிருந்தது. தளத்தின் தரகும், ஒவ்வொரு விற்பனைக்கும் எடுக்கும் நிலையான கட்டணமும், அவற்றின்மீது 18 விழுக்காடு சரக்கு சேவை வரியும் சேர்ந்து 41 ரூபாய். அனுப்புகூலி வரியுடன் 66 ரூபாய். ஆக 107 ரூபாய் கழிந்தது. துணி, தையல், உறை எல்லாம் சேர்ந்து 190 ரூபாய் அடக்கம். எஞ்சுவது 52 ரூபாய். அளவு சரியில்லையென்று ஓர் உடை திரும்பி வந்தால் போகவர அனுப்புகூலியிலேயே மூன்று உடை விற்ற ஆதாயம் கரைந்துவிடுகிறது. திரும்பி வரும் உடையில் சில சமயம் மஞ்சள் கறையும் இருக்கும் என்று சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை.

இக்கழிவுகளுள் வேறொரு வகையும் உண்டு. அதைத் தளத்தின் கொள்ளையென்று ஏசுவோரைக் கண்டிருக்கிறேன். சரக்கு சேவை வரிச் சட்டப்படி தளங்கள் விற்பனையாளரின் தொகையிலிருந்து ஒரு சிறு பங்கைப் பிடித்து அரசுக்குக் கட்டவேண்டும். 2018 அக்டோபரில் 1 விழுக்காடாகத் தொடங்கிய இப்பிடித்தம் 2024 ஜூலையில் அரை விழுக்காடாயிற்று. வருமான வரிக்கெனப் பிடித்து வந்த 1 விழுக்காடு 2024 அக்டோபரில் 0.1 விழுக்காடாகக் குறைந்தது. இவ்விரண்டும் தளத்தின் பைக்குப் போவன அல்ல. விற்பவர் ஒழுங்காகக் கணக்குக் காட்டினால் அவர் செலுத்தவேண்டிய வரியில் வரவாகும். குற்றம் சாட்டுவதிலும் நீதம் வேண்டுமல்லவா!

கட்டணமே இல்லாத தளங்கள் உண்டே என்பார் சிலர். மீஷோ 2021-இல் விற்பனையாளரிடம் தரகு வாங்குவதில்லை என்று அறிவித்தது. திருப்பூர்ச் சரக்கு பெருமளவில் அதில் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். 2025 ஏப்ரலில் அமேசானும் 300 ரூபாய்க்குக் குறைந்த விலையுடைய சரக்குகளுக்கு, 135 வகைகளில், தரகை நீக்கியது. ஆயினும் தரகு இல்லையென்றால் செலவே இல்லையென்பது பொருளன்று. அனுப்புகூலியிலும், சரக்கை முன்வரிசையில் காட்டுவதற்கான விளம்பரத்திலும் தளங்கள் வருமானம் காண்கின்றன. தரகு என்னும் பெயர் போனாலும் சந்தைக்கு உரிய கூலி வேறு உருவில் வந்தே தீரும். சந்தையை நடத்துகிறவர் உண்ணாமல் இருக்கமுடியாது.

இனி என் சொந்தக் கதை. இவ்விஷயத்தில் நான் நடுநிலையாளன் அல்லன் என்பதை வாசக அன்பர்களிடம் மறைப்பது முறையாகாது. என் அத்தா காதர்பேட்டையில் பனியன் தரகராக இருந்தவர்.

திருப்பூரில் 1925-இல் குலாம் காதர் என்பார் முதல் பின்னலாடைக் கூடத்தைத் தொடங்கினார் என்று இவ்வூர்த் தொழிலைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அன்றிலிருந்து நெடுங்காலம் நெய்வோர்க்கும் வாங்குவோர்க்கும் இடையே பாலமாக நின்றவர் தரகரே. வெளியூர் வியாபாரி ரயிலில் வந்து இறங்குவார். எந்தக் கம்பெனியில் எந்த நூல், எவன் எடை குறைப்பான், எவன் சாயம் போகும் சரக்கைத் தலையில் கட்டுவான் என்பதெல்லாம் தரகருக்குத் தெரியும். வியாபாரியை அழைத்துக்கொண்டு நாலு கம்பெனி ஏறி இறங்கி விலை பேசி முடிப்பார். டஜனுக்கு நாலணா அத்தாவின் கூலி. அது நடந்ததற்கான கூலி மட்டுமன்று. பணம் வராவிட்டால் கம்பெனிக்காரர் வந்து நிற்பது எங்கள் வீட்டு வாசலில்தான். ஆந்திரத்து ஊர்களுக்கு அத்தா இரவு ரயிலில் போய்ப் பாக்கி வசூலித்துத் திரும்பியதை நான் சிறுவனாக இருந்தபோது பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒருமுறை அவர் அழைத்துச்சென்ற வியாபாரி ஒருவரும் கம்பெனிக்காரர் ஒருவரும் அவர் முன்னிலையில் விலை படியவில்லை என்று பிரிந்தனர். அன்றிரவே விடுதியில் இருவரும் சந்தித்துப் பேசி முடித்துக்கொண்டனர். மறுநாள் லாரி ஆபீசில் அவ்வியாபாரியின் குறியிட்ட மூட்டைகளை அத்தா கண்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாரேயன்றி எவரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் அவ்விருவரையும் மௌத்தாகும் வரை அவர் மறக்கவில்லை.

இதனோடு வைத்துப் பார்க்கவேண்டியது இன்னொரு நிகழ்ச்சி. அவர் அறிமுகம் செய்து இரண்டு ஆண்டுகள் சரக்கெடுத்த வேறொரு வியாபாரி, மூன்றாம் ஆண்டு தாமே நேராகக் கம்பெனிக்கு எழுதிச் சரக்கு வரவழைத்துக்கொண்டார். அம்மா குமுறினார். அத்தாவோ, “அறிமுகத்துக்குக் கூலி வாங்கியாச்சு. ஆயுசுக்கும் வாங்குறதுக்கு நான் என்ன ஜமீன்தாரா?” என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடிக்கத் தொடங்கிவிட்டார். இரண்டிலும் அவருக்குக் கூலி போயிற்று. ஒன்றை மோசடியென்றார், மற்றொன்றை உலக நடப்பென்றார். ஏன் அவ்வாறு பிரித்தார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

அதே காலத்தில் இவ்வூர் முழுவதுமே தரகரைத் தாண்டிய கதையும் நிகழ்ந்தது. திருப்பூர்ச் சரக்கு அதற்குமுன் கடல் கடந்ததெல்லாம் பெரும்பாலும் பம்பாய் போன்ற நகரங்களின் ஏற்றுமதி வணிகர் கைவழியேதான். 1978-இல் வெரோனா என்னும் இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டீ-சட்டை தேடிப் பம்பாய் வணிகர் மூலமாகத் திருப்பூருக்கு வந்தார். சரக்கு பிறக்கும் இடத்தைக் கண்டுகொண்டார். 1981-இல் சி அண்டு ஏ என்னும் ஐரோப்பியக் கடைத்தொடர் வந்தது. 1985-இல் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி பின்னர்ப் பல்லாயிரம் கோடியாகப் பெருகியது. இவ்வளர்ச்சியால் உண்டு உடுத்து வாழும் நாம், ஆதியில் அழைத்து வந்தவருக்கு என்றென்றும் பங்கு உண்டென்று சொல்வோமா? சொல்லமாட்டோம். என் மாணவர் கேட்டதும் இதைத்தான். ஊரே செய்ததை நான் சிறு சீட்டில் செய்தால் மட்டும் குற்றமா என்பது அவர் கேள்வியின் உட்பொருள்.

மார்க்கச் சட்ட நூல்கள் தரகைப் பற்றி என்ன கூறுகின்றன? தரகருக்கு அரபியில் ஸிம்ஸார் என்று பெயர். பாரசீகத்திலிருந்து வந்த சொல். கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியொன்று அபூதாவூதில் உள்ளது. நாங்கள் ஸிம்ஸார்கள் என்று அழைக்கப்பட்டு வந்தோம். பெருமானார் (ஸல்) அவர்கள் எங்களருகே வந்தபோது அதைவிட அழகிய பெயரால், வணிகர்களே என்று விளித்தார்கள் என்பது அச்செய்தியின் கருத்து. வாணிபத்தில் வீண்பேச்சும் சத்தியமும் கலந்துவிடுவதால் அதனோடு தர்மத்தையும் கலந்துகொள்ளுமாறு அவர்கள் அறிவுறுத்தினார்கள். தரகர் என்றாலே முகம் சுளிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. என் அத்தாவைத் திருமண வீடுகளில் பின்வரிசையில் உட்காரவைத்தவர்களை நான் அறிவேன். பெருமானார் (ஸல்) அவர்கள் அவர்களை முன்வரிசைக்கு அழைத்தார்கள் என்றே இச்செய்தியை நான் படிக்கிறேன்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தரகுக் கூலிக்கென்று தனித் தலைப்பு அமைத்து, இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம், ஹஸன் ஆகிய முன்னோர் அதில் குற்றம் காணவில்லை என்று பதிந்திருக்கிறார்கள். கொங்கு நாட்டு ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் சற்றுத் தயக்கம் இருந்தது. தரகரின் உழைப்பு எவ்வளவென்று முன்கூட்டியே அறியமுடியாது. அறியாத உழைப்புக்குக் கூலி பேசுவது எப்படி என்பது அவர்களின் கேள்வி. பிற்காலத்தார் மக்களின் தேவையையும் பரவலான வழக்கத்தையும் கருதி அதை அனுமதித்தனர். ஷாஃபிஈ மத்ஹபினர் இதுபோன்ற ஏற்பாட்டை ஜுஆலா என்னும் பிரிவில் ஆராய்கின்றனர். இன்ன காரியத்தை முடித்துத் தருபவருக்கு இன்ன கூலி என்பது ஜுஆலா. இதில் எனக்குப் பெரிதும் உதவியது இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் உள்ள ஒரு சட்டம். வேலை தொடங்கிய பின் சொந்தக்காரர் ஏற்பாட்டைத் தாமே முறித்துக்கொண்டால், அவ்வேலைக்கு நாட்டு வழக்கில் உள்ள கூலியைக் கொடுத்தாகவேண்டும் என்பது அது. அதுவே உஜ்ரத்துல் மிஸ்ல்.

இச்சட்டத்தைப் படித்தபோதுதான் அத்தா பிரித்த பிரிவு எனக்கு விளங்கிற்று. விடுதியில் இரவு பேசி முடித்தவர்கள், அவர் தொடங்கிய வேலையின் பலனை நடுவழியில் பறித்தவர்கள். மூன்றாம் ஆண்டு நேராக எழுதியவரோ, முடிந்துபோன வேலைக்குக் கூலி கொடுத்துவிட்டுத் தம் வழியே போனவர். மின்ஹாஜை ஓதாதவர் என் அத்தா. ஆனால் சட்டத்தின் வரம்பு அவர் நெஞ்சில் இருந்தது.

சந்தைக்கு வெளியே வாங்குவது விற்பது என்னும் பிரச்சினை 14 நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுந்ததுண்டு. சரக்கு ஏற்றிவரும் ஒட்டகக் கூட்டம் மதீனத்துச் சந்தையை அடைவதற்கு முன்னரே, வழியில் எதிர்கொண்டு வாங்கிக்கொள்வார் சிலர். பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அப்படி விற்றுவிட்டவர் பின்னர்ச் சந்தைக்கு வந்து நிலவரத்தை அறிந்தால், அவ்விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டென்றும் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது.

சந்தைக்கு வெளியே வாணிபம் கூடாதென்பதற்கு இதுவே சான்று என்று அவசரக்காரர் சொல்லக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் தடைக்குக் காரணம் என்ன? சந்தையின் சொந்தக்காரருக்குக் கட்டணம் தவறிப்போகும் என்பதா? அஃதன்று. வெளியூரார் விலை அறியாமல் ஏமாறுவார். ஊராருக்குச் சரக்கு தட்டுப்படும். ஹிதாயாவில், ஊராருக்குத் தீங்கில்லாமலும் வருவோரிடம் விலையை மறைக்காமலும் இருந்தால் இதில் குற்றமில்லை என்றே ஹனஃபி இமாம்களின் கருத்து சொல்லப்படுகிறது. இப்னு மாஜாவில் வரும் வேறொரு செய்தி, பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் முஸ்லிம்களுக்கென்று ஒரு சந்தையைக் காட்டி, அதன்மீது வரி விதிக்கப்படலாகாது என்று கூறியதாகச் சொல்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென்பதால் அதை வைத்துச் சட்டம் பேசமாட்டேன். ஆயினும் அக்காலச் சந்தை யாருடைய உடைமையுமன்று என்பது நினைவில் நிற்கவேண்டிய செய்தி.

இன்றைய இணையச் சந்தைக்கோ சொந்தக்காரர் உண்டு. அவர் சந்தையும் நடத்துகிறார், தரகும் செய்கிறார், பணத்தை வாங்கி வைத்திருந்து கொடுக்கும் வேலையும் பார்க்கிறார், சரக்கையும் சுமந்து செல்கிறார். என் அத்தாவும் லாரி ஆபீசும் மளிகைக் கடைச் செட்டியாரின் பணப்பெட்டியும் ஒன்றானதுபோல் ஓர் ஏற்பாடு. எந்தக் கட்டணம் எந்த வேலைக்கு என்று பிரித்துப் பார்க்காமல், இது நியாயம் என்றோ அநியாயம் என்றோ ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல இயலாது.

உலகத்தின் பெரிய நீதிமன்றங்களும் இதே கேள்வியோடு மல்லாடுகின்றன. ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசியின் செயலிக் கடையில் விற்போரிடம் 30 விழுக்காடு வரை தரகு பெற்றுவந்தது. வெளியே மலிவாகக் கிடைக்கும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லக்கூடாது என்றும் விற்போரைத் தடுத்திருந்தது. எபிக் கேம்ஸ் என்னும் விளையாட்டு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அத்தடையை நீக்குமாறு கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 2021-இல் ஆணையிட்டது. ஆப்பிளோ 2024-இல், வெளியே காட்டும் இணைப்பின் வழியே நடக்கும் விற்பனைக்கும் 27 விழுக்காடு தரவேண்டும் என்றது. 2025 ஏப்ரலில் நீதிபதி அதை ஆணையை மீறிய செயல் என்றார். வழக்கு அதன்பின்னும் மேல்முறையீட்டுக்குச் சென்றது. மூன்றாம் ஆண்டுச் சரக்குக்கும் டஜனுக்கு நாலணா கேட்கும் தரகரைப்போல இருக்கிறதல்லவா இது?

என் மாணவர் இதைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். “அப்படியானால் சீட்டு கூடும் ஹஜ்ரத்?” என்றார். நான் மீண்டும் தலையசைக்கவில்லை. ஏனெனில் தளத்தின் பேராசை வேறு. அவர் கொடுத்த வாக்கு வேறு. தளத்தில் சேரும்போது அவர் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளை இருவரும் கைப்பேசியில் திறந்து படித்தோம். அவர் அதற்குமுன் அதைப் படித்ததில்லை. நீளம் பார்த்து மிரண்டு, ஒப்புக்கொள்கிறேன் என்ற இடத்தில் தொட்டுவிட்டவர்தாம். படித்ததில், தளத்தின் ஆர்டர்களையும் பொட்டலங்களையும் கடிதப் போக்குவரத்தையும் பயன்படுத்தி வாடிக்கையாளரை வேறிடத்துக்குத் திருப்பக்கூடாது என்று தெளிவாக இருந்தது. வாடிக்கையாளர் தாமாகத் தேடி வந்தால் விற்கக்கூடாது என்று எங்கும் இல்லை.

செய்துகொண்ட நிபந்தனைக்கு முஸ்லிம்கள் கட்டுப்பட்டவர்கள். ஹலாலை ஹராமாக்கும் அல்லது ஹராமை ஹலாலாக்கும் நிபந்தனை மட்டும் செல்லாது என்பது நாம் அறிந்த விதி. தன் பெட்டிக்குள் பிறர் அழைப்பு போகக்கூடாது என்பது ஹலாலை ஹராமாக்கும் நிபந்தனையன்று. பெரிய கடையின் உள்ளே மேசை போட்டுக்கொள்ள இடம் வாங்கியவர், வருவோர் காதில் எதிர்த்தெருக் கடைக்கு வாருங்கள் என்று சொல்லமாட்டேன் என வாக்களிப்பது போன்றது அது. ஒருவர் இவருடைய ஆடை நல்லதென்று கண்டு, உடையின் கழுத்தில் தைத்த லேபிளில் பெயரைப் பார்த்து, தாமே ஊரும் கடையும் விசாரித்து வந்தால், அவரை எந்தச் சந்தைக்காரரும் உரிமை கொண்டாட இயலாது. மனிதர் எவருக்கும் சொத்தல்லர். ஆனால் ஆர்டரோடு வந்த முகவரி, சரக்கைச் சேர்ப்பதற்கென்று மட்டும் கையில் கொடுத்த அமானிதம். அதை வேறு வேலைக்கு எடுப்பது அமானிதத்தில் கைவைப்பதாகும்.

“அவர்கள் யானை, நான் எறும்பு. கட்டணத்தை அவர்கள் நினைத்தபோது கூட்டுகிறார்கள். என்னைக் கேட்டா எழுதினார்கள் அந்த நிபந்தனையை?” என்றார் அவர்.

இம்முறையீடு பொய்யன்று. பேரம் பேசும் வலிமை இருபக்கமும் ஒத்திருக்கவில்லை. அமேசான், ஃபிளிப்கார்ட் ஆகிய தளங்கள் சில விற்பனையாளருக்குச் சலுகை காட்டுகின்றனவா என்று விசாரிக்கும்படி இந்தியப் போட்டி ஆணையமே 2020 ஜனவரியில் ஆணையிட்டது. சந்தையை நடத்துபவரே வேண்டியவர் சரக்கை முன்னே வைத்து மற்றவர் சரக்கைப் பின்னே தள்ளினால், அது எடைக்கல்லில் கைவைப்பதற்கு ஒப்பாகும். கட்டணத்தைப் புரியாத பெயர்களில் சிதறடித்து, விற்றபின்புதான் கணக்குத் தெரியும்படி செய்வதும் அப்படியே. கூலி எவ்வளவென்று முன்னரே அறிவிக்கப்படவேண்டும் என்பதில் நம் இமாம்கள் எத்துணைக் கண்டிப்பானவர்கள் என்பதை மேலே கண்டோம். இவற்றை எதிர்த்துப் பேசவும், சங்கமாகக் கூடி முறையிடவும், மலிவான தளத்துக்கு மாறவும், தனிக்கடை வைக்கவும் அவருக்கு முழு உரிமை உண்டு. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறவும் உரிமை உண்டு. உள்ளே இருந்துகொண்டே ஒளித்து மீற மட்டும் உரிமையில்லை. ஹிஜ்ரத்தின்போது, தம்மைக் கொல்லத் தேடியவர்களின் அடைக்கலப் பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதற்கென்றே அலீ (ரலி) அவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவில் விட்டுச் சென்றார்கள். எதிரில் நிற்பவர் அநியாயக்காரர் என்பதால் அமானிதத்தின் கணக்கு மாறுவதில்லை.

வாங்குபவரைப் பற்றியும் நினைக்கவேண்டும். நம் பெண்கள் வீட்டிலிருந்தபடியே அச்சமின்றி வாங்குவதற்குக் காரணம், சரக்கு சரியில்லையென்றால் பணம் திரும்பி வரும் என்ற நம்பிக்கை. நேரடி வாட்ஸ்அப் விற்பனையில் அந்நம்பிக்கைக்கு விற்பவரின் நாணயம் ஒன்றே பிணை. 10 விழுக்காடு குறைவென்று சொன்னவர், திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் சொன்னாரா? நிலவரம் அறியாமல் சந்தைக்கு வெளியே விற்றவருக்கு முறித்துக்கொள்ளும் உரிமையைக் கொடுத்த ஏற்பாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. என் மாணவர் இதைக் கேட்டதும் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, நேரே வாங்கியவர்களிடமிருந்து தாம் எதையும் திரும்ப எடுத்துக்கொண்டதில்லை என்று ஒப்புக்கொண்டார். இனி ஏழு நாளுக்குள் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

சீட்டு வேண்டாம், லேபிளில் கம்பெனியின் பெயரும் ஊரும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. லேபிளிலேயே கைப்பேசி எண்ணைப் போடலாமா என்று கேட்டார். சீட்டைச் சுருட்டிக் கழுத்தில் தைப்பதற்குப் பெயர் லேபிள் அன்று என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

எழுந்து போக இருந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார். நான்கு பேரின் விஷயத்தை அப்போதுதான் சொன்னார். முன்பு வாங்கியபோது சீட்டைக் கண்ட அந்நால்வரும், இரண்டாம் முறையும் தளத்திலேயே ஆர்டர் கொடுத்துவிட்டு, அளவு விசாரிப்பதற்காக இவரை அழைத்தார்களாம். “அதை ரத்து செய்துவிடுங்கள், நானே அனுப்புகிறேன்” என்று இவர் சொல்லிவிட்டாராம். விடுதியில் நடந்த இரவுப் பேச்சுக்கும் இதற்கும் வேற்றுமையில்லை. தொடங்கிய வேலையை நடுவில் முறித்தது இது. தளம் சுமந்து செல்லாததால் அனுப்புகூலி கடனில்லை. தரகும் கட்டணமும் கடன் என்றேன். 41 ரூபாய் வீதம் நால்வருக்கு 164 ரூபாய். உரியவர் யாரென்று தெரியாதபோதுதான் அவர் பெயரால் தர்மம் செய்யலாம். இங்கே உரியவர் தெரிந்தவர். ஆகவே அவரிடமே சேர்க்கவேண்டும் என்றும் சொன்னேன்.

மறுவாரம் வந்தார். விற்பனையாளர் கணக்கில் பணம் எடுப்பதற்கு இடம் இருக்கிறதாம், கொடுப்பதற்கு இடமில்லையாம். உதவிப் பிரிவுக்கு நடந்ததை விளக்கி எழுதினாராம். சில நிமிடங்களில் எந்திரத்தின் பதில் வந்ததாம். தவறாகப் பிடித்த கட்டணத்தைத் திரும்பப் பெறுவதற்கு விண்ணப்பிக்கும் முறை அதில் விளக்கப்பட்டிருந்தது. இரண்டாம் முறை எழுதினார், அதே பதில். மூன்றாம் முறை ஒரு மனிதரோடு பேச வாய்த்தது. அம்மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்களுக்கு எவ்வளவு வரவேண்டும் சார்?” என்றாராம்.

அந்த 164 ரூபாய் இன்னும் அவருடைய மேசை இழுப்பறையில் ஓர் உறையில் இருக்கிறது. உறையின் மேல் தளத்தின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்.